ஒரே எண், இரண்டு கார்கள்: போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு வட ஆற்காட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர் அவர்கள், சென்னை.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

தங்கள் துறையின் கீழ், பழைய வட ஆற்காடு மாவட்டப் பகுதியில் இயங்கும் அலுவலகம் ஒன்றிலிருந்து என் தாயாரின் பெயருக்கு அண்மையில் ஒரு பதில் கடிதம் வந்தது. எங்கள் குடும்பத்தின் 1968-ஆம் ஆண்டு ஃபியட் காரின் பதிவெண்ணையும், வண்டியின் உடலில் பொறிக்கப்படும் சேசிஸ் எண்ணையும் சுமந்துகொண்டு இன்னொரு கார் தமிழகச் சாலைகளில் ஓடுகிறது என்று நாங்கள் சான்றுகளோடு கொடுத்த புகாருக்கான பதில் அது. கணினிப் பதிவின்படி அந்த வாகனம் முறையாகப் பதிவாகியுள்ளது, சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுத்த படி, அதாவது பென்சில் பிரிண்ட், பதிவோடு ஒத்துப்போகிறது, உரிமை குறித்துப் பிரச்சினை இருப்பின் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம் என்று மூன்று வாக்கியங்களில் அது முடிந்துவிடுகிறது. நாங்கள் இணைத்திருந்த ஆவணங்களில் ஒன்றைப் பற்றிக்கூட அதில் ஒரு சொல் இல்லை. இந்த முடிவை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருக்க எங்களால் இயலாது. ஆகவே தங்களுக்கு எழுதுகிறேன். அந்த அலுவலகத்தின் பெயரையும் தொடர்புடையவர்களின் பெயர்களையும் பொதுவில் வைக்க விரும்பவில்லை. அவை தங்களுக்குத் தனியே அனுப்பியுள்ள மனுவில் இருக்கின்றன.

எங்கள் கார், என் தந்தை குடியாத்தத்தில் மருத்துவராக இருந்தபோது புதிதாக வாங்கிய ஃபியட் 1100 டிலைட். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்தது; 1089 சி.சி. என்ஜின், ஸ்டியரிங்கை ஒட்டிய கைக் கியர். வட ஆற்காடு மாவட்டப் பதிவேட்டில், மூன்று ஆங்கில எழுத்துகளும் நான்கு இலக்கங்களும் கொண்ட பழைய முறை எண்ணோடு பதிவானது. என் தந்தை 1998-ல் காலமானார். அடுத்த ஆண்டே படிவம் 31-ஐ, இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இணைத்துக் கொடுத்து, ஆர்.சி. புத்தகத்தில் என் தாயாரின் பெயரை ஏற்றினோம். அந்தக் குறிப்பு புத்தகத்தின் உள்பக்கத்தில் பதிவு அதிகாரியின் கையெழுத்தோடும் முத்திரையோடும் இருக்கிறது. 2003-ல் என்ஜின் வேலைக்காகக் காரை நிறுத்தியபோது, அது சாலையில் ஓடவில்லை என்பதை எழுதிக் கொடுத்து ஒப்புகையும் பெற்றோம். உதிரிபாகங்கள் கிடைப்பதிலும் செலவுக்குப் பணம் சேர்வதிலும் ஆண்டுகள் கடந்தன. ஆவணங்கள் கணினிக்கு மாறிய காலம் முழுவதும் கார் எங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே நின்றதால், அதன் எண் ‘வாகன்’ என்ற அரசின் வாகனப் பதிவுத் தரவுத்தளத்துக்குள் போகவே இல்லை.

வேலை முடிந்து, 2023-ல் அதை விண்டேஜ் வாகனமாகப் பதிய விண்ணப்பிக்கலாம் என்று எண்ணை உள்ளிட்டபோது, எங்களுக்கு அறிமுகமே இல்லாத ஒருவரின் பெயர் திரையில் வந்தது. விசாரித்ததில், 2022-ல் யாரோ எங்கள் எண்ணை ‘பேக்லாக்’ முறையில், அதாவது பழைய காகிதப் பதிவைக் கணினியில் ஏற்றும் முறையில், உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. உரிமையாளராக என் தந்தையின் பெயர் ஏற்றப்பட்டிருந்தது. பதிவு புதுப்பிக்கப்பட்டு, சில வாரங்களில் பெயர் மாற்றமும் நடந்திருந்தது. அந்த மாற்றத்துக்கான 29, 30 ஆகிய படிவங்களில் விற்பவர் என்ற இடத்தில் என் தந்தையின் பெயரில் கையெழுத்து இருக்கிறது. 1998-ல் இறந்தவர் 2022-ல் கையெழுத்திட்டிருக்கிறார் என்று தங்கள் துறையின் ஆவணம் சொல்கிறது.

இதில் இன்னொன்றையும் தாங்கள் கவனிக்க வேண்டும். பேக்லாக் பதிவை ஏற்றியவர் காகிதப் பதிவேட்டை எடுத்துப் பார்த்திருந்தால், 1999-ல் உரிமை என் தாயாருக்கு மாறியது அந்தப் பக்கத்திலேயே இருந்திருக்கும். என் தந்தையின் பெயரை ஏற்றியிருக்கவே முடியாது. ஆர்.சி. புத்தகத்தின் முதல் பக்கத்தை மட்டும் கையில் வைத்திருந்த ஒருவரால்தான் இந்தத் தவறான பெயரைக் கொடுத்திருக்க முடியும். காரை விலைக்குக் கேட்டு வந்த தரகர் ஒருவர் முதல் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துச் சென்றது எங்களுக்கு நினைவிருக்கிறது. அவர்தான் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அதைக் கண்டறிவது விசாரணையின் வேலை. பதிவேட்டைத் திறக்காமலேயே பதிவேட்டிலிருந்து எடுத்ததாக ஒரு பதிவு ஏற்றப்பட்டது என்பதே நான் முன்வைக்கும் குற்றச்சாட்டு. அதை நிரூபிக்கும் சான்று அந்தப் பதிவிலேயே இருக்கிறது.

இந்தப் படிவங்களின் நகல்களை எங்களுக்குக் கொடுத்தவர், அந்தக் காரை இப்போது வைத்திருப்பவர். கொங்குப் பகுதியைச் சேர்ந்த, பணி ஓய்வு பெற்ற பெரியவர். இளமையில் ஃபியட் வாங்க ஆசைப்பட்டு, ஓய்வூதியப் பணத்தில் அந்த ஆசையை நிறைவேற்றிக்கொண்டவர். எங்கள் புத்தகத்தைக் காட்டியபோது அவர் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு தன்னிடமிருந்த எல்லாக் காகிதங்களையும் எடுத்து வைத்து, காரையும் சோதித்துப் பார்க்கச் சொன்னார். அவர்மீது எங்களுக்குக் கோபம் எதுவும் இல்லை. அரசு முத்திரை இருந்த ஆவணத்தை நம்பி வாங்கியவர் அவர். அந்த முத்திரையை நம்பக் கூடாது என்றால் வாங்குகிற எவரும் வேறெதை நம்ப முடியும்?

அந்தக் காரைச் சோதித்தவர் வேலூரில் பல பத்தாண்டுகளாக ஃபியட் கார்களைப் பழுதுபார்த்து வரும் மெக்கானிக் ஒருவர், நானும் உடனிருந்தேன். ஃபியட் 1100-க்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடலே சட்டமாக அமைந்த கார் அது. என்ஜின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலுள்ள தகட்டில் எண் பொறிக்கப்பட்டிருக்கும். எங்கள் காரில் அந்த எண்ணின் மீது தொழிற்சாலைப் பூச்சு இன்னும் இருக்கிறது. இலக்கங்கள் ஒரே கோட்டில், ஒரே ஆழத்தில் இருக்கின்றன. அந்தக் காரில் இலக்கங்கள் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கியிருந்தன. கையால் பஞ்ச் அடித்தால்தான் அப்படி விழும். எண்ணைச் சுற்றிப் பட்டி பூசிப் பெயின்ட் அடித்து முன்பக்கத்தை மட்டமாக்கியிருந்தார்கள். டேஷ்போர்டுக்குக் கீழே படுத்து அதே தகட்டின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தபோது, எண் இருக்கும் பகுதியைச் சுற்றி நீள்சதுரமாக ஒரு கேஸ் வெல்டிங் கோடு தெரிந்தது. குர்லா தொழிற்சாலையிலிருந்து வந்த எந்தக் காரிலும் அந்த இடத்தில் வெல்டிங் இருக்க வழியில்லை. என்ஜின் பிளாக்கில் எண் இருக்கும் மேடை கிரைண்டரால் இழைக்கப்பட்டு வழவழப்பாக இருந்தது. தயாரிப்பாளர் தகட்டைப் பிடித்திருந்த ரிவெட்டுகள் அண்மைக் காலத்தவை. கதவுகளின் உள்பக்கமும் மின்கம்பிகளும் அது 1980-களிலோ அதற்குப் பின்னரோ வந்த பத்மினி, அதாவது டிலைட்டின் பிற்கால வடிவம், என்பதைக் காட்டின. இவை அனைத்தையும் படங்களோடும், மெக்கானிக்கின் கையெழுத்திட்ட குறிப்போடும் கொடுத்தோம். எங்களுக்கு வந்த பதிலோ, பென்சில் பிரிண்ட் ஒத்துப்போகிறது என்பதுதான்.

பென்சில் பிரிண்ட் என்றால் என்ன என்பது தங்களுக்குத் தெரிந்ததே. எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் படி அது. பொறித்த இலக்கங்கள் எவை என்பதை அது சொல்லும். யார் பொறித்தார்கள், எப்போது பொறித்தார்கள், எந்தத் தகட்டில் பொறித்தார்கள் என்பதைச் சொல்லாது. புதிதாக அடித்த போலி எண் பளிச்சென்று விழும்; ஐம்பது ஆண்டுத் துரு ஏறிய அசல் எண்தான் மங்கலாக விழும். பழைய வண்டிகளைப் பொறுத்தவரை, இந்தச் சோதனையில் அசலைவிடப் போலியே எளிதாகத் தேறும்.

இப்படிச் செய்ய ஒருவர் ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். டிலைட் என்ற கார்தான் 1970-களில் பிரீமியர் பிரெசிடென்ட் ஆகி, பிறகு பிரீமியர் பத்மினி என்ற பெயரில் ஏறத்தாழ நூற்றாண்டின் இறுதிவரை தயாரானது. உடலமைப்பு பெரிதாக மாறவே இல்லை. ஆகவே பிற்காலத்துப் பத்மினி ஒன்றை முன் கிரில்லையும் விளக்குகளையும் மாற்றி 1960-களின் கார்போல் காட்டுவது கைதேர்ந்த டிங்கரிங் பட்டறைக்குக் கடினமான வேலை அல்ல. கூடவே 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வாகனங்களுக்கான பிரிவுகள் சேர்க்கப்பட்டன. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, அசல் அமைப்பு மாறாத இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் பத்தாண்டுப் பதிவு கிடைக்கும். புதிதாகப் பதிபவற்றுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட எண், முன்பே பதிவானவை தம் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். பழைய வண்டிகளை நேசிப்பவர்கள் நெடுங்காலம் காத்திருந்த நல்ல விதி இது, நானும் மகிழ்ந்தேன். ஆனால் அன்றுமுதல் 1972-க்கு முந்தைய ஒரு பதிவெண்ணுக்கும் சேசிஸ் எண்ணுக்கும், அவற்றைத் தாங்கிய வண்டி இல்லாமலேயே, சந்தையில் தனி விலை வந்துவிட்டது. 1990-ல் பிறந்த பத்மினியை எவ்வளவு மெருகேற்றினாலும் அது விண்டேஜ் ஆகாது. அதற்கு வேண்டியது ஒரு பழைய எண் மட்டுமே.

அந்த எண் எங்கிருந்து கிடைக்கிறது என்பதும் மறைவான செய்தி அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, வண்டி அழிந்தாலோ நிரந்தரமாகப் பயனற்றுப் போனாலோ பதினான்கு நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். நடைமுறையிலோ வண்டி காயலான் கடைக்கு எடைக்குப் போகிறது. புத்தகம் தரகர் கைக்குத் தனியே போகிறது. ‘புத்தகம் மட்டும் இருக்கிறது, வேண்டுமா?’ என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். எண் பொறித்த தகட்டையும் வெட்டி எடுத்து வைத்திருப்பவர்கள் உண்டு. தகடு கிடைக்காவிட்டால் எண் அச்சுகளை வாங்கி அடித்துக்கொள்கிறார்கள். இன்றைய கார்களில் இருக்கும் பதினேழு எழுத்து அடையாள எண்ணில் தயாரிப்பாளர், மாதிரி, ஆண்டு என ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. பொருந்தாதது ஓரளவாவது கண்ணில் படும். 1960-களின் வண்டிகளில் இருப்பது ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் கொடுத்த சில இலக்கங்கள் மட்டுமே. கணினியால் அவற்றைச் சரிபார்க்க முடியாது. சரிபார்க்கக் கூடியவை இரண்டுதான்: அன்றைய காகிதப் பதிவேடு, இன்றைய இரும்பு. இரண்டையும் பார்க்காமல் செய்யும் எந்தப் பதிவும் போலிக்குத் துறையே தரும் அங்கீகாரமாகிவிடும்.

எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்தது என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் கடன் வாங்கி, 1960-களின் புல்லட் என்று சொல்லப்பட்ட ஒன்றை வாங்கினார். புல்லட்டின் சட்ட எண் ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியில் இருக்கும். அங்கே இழைத்து மறுபடி அடித்திருந்ததை ஒரு வாகனச் சோதனையில் போலீசார் கண்டுபிடித்தார்கள். அது வேறு மாநிலத்தில் திருடுபோன வண்டி. இப்போது புல்லட் காவல் நிலைய வளாகத்தில் மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. அவர் மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். விற்றவரின் கைப்பேசி அணைந்துகிடக்கிறது. கம்மவான்பேட்டைப் பக்கத்து முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் இரண்டாம் உலகப் போர்க்கால ஃபோர்டு ஜீப் என்று நம்பி ஒன்றை வாங்கினார். ஃபோர்டு நிறுவனம் அந்த ஜீப்புகளில் எண்ணை முன்பக்க இடதுச் சட்டத்தின் மேற்பரப்பிலேயே பொறித்தது. வில்லிஸ் நிறுவனம் ஒரு சிறு தகட்டில் எண்ணைப் பதித்துச் சட்டத்தில் ரிவெட் அடித்தது. அவருடைய ஜீப்பின் சட்டத்தில் பொறித்த எண் எதுவும் இல்லை. ஃபோர்டு எண்ணைத் தாங்கிய புதுத் தகடு மட்டும் ரிவெட் அடிக்கப்பட்டிருந்தது. இதை அறிந்த ஓர் ஆய்வாளர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். ராணுவத்தில் சேவை செய்தவர், தான் ஓட்டிப் பழகிய வண்டியின் நினைவுக்காகச் சேமிப்பைச் செலவழித்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் ஆறவில்லை.

காகிதப் பதிவேட்டைப் பற்றித் தங்களிடம் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த மோசடி நம் பகுதியில் எளிதாக நடப்பதற்கு அதுவே முதற்காரணம் என்று நான் கருதுகிறேன். வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாகவும் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டமாகவும் பிரிந்தது. அதே ஆண்டு ஜூலையில் புதிய மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்து, பதிவெண் முறையும் ‘டி.என்.’ என்று மாறியது. 2019-ல் வேலூர் மாவட்டம் மீண்டும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாயிற்று. இன்று வேலூருக்கு டி.என். 23, திருவண்ணாமலைக்கு டி.என். 25, ராணிப்பேட்டைக்கு டி.என். 73. ஒரு காலத்தில் ஒரே மாவட்டத்தின் பெயரில் எழுதப்பட்ட தடித்த பதிவேடுகள் இன்று யாருடைய பொறுப்பில் இருக்கின்றன? எங்கள் காரின் பக்கத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டோம். ஓர் அலுவலகம், அந்தக் காலத்துப் பதிவேடு நிர்வாகப் பிரிவினையின்போது மாற்றப்பட்டுவிட்டது என்றது. மாற்றப்பட்டதாகச் சொல்லப்பட்ட இடம், அப்படி எதுவும் வந்து சேரவில்லை என்றது. மேல்முறையீட்டுக்குப் பிறகு, ‘பழுதடைந்த நிலையில் உள்ளதால் நகல் எடுக்க இயலாது’ என்று பதில் வந்தது. பழுதடைந்திருந்தாலும் பதிவேடு இருக்கிறது என்பது அதிலிருந்தே தெரிகிறது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளவாவது அனுமதியுங்கள் என்று கேட்டோம். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. உண்மையான உரிமையாளர் பார்க்க முடியாத ஒரு பதிவேட்டின் பெயரால், போலி உரிமையாளருக்குப் பேக்லாக் பதிவு கிடைத்திருக்கிறது.

இனி, எங்களுக்குத் தரப்பட்ட பதிலின் சட்ட நிலைக்கு வருகிறேன். உரிமைப் பிரச்சினை என்றால் உரிமையியல் நீதிமன்றம் என்கிறார்கள். இங்கே உரிமைப் பிரச்சினை எதுவுமே இல்லை. எங்கள் இரும்பு எங்களுடையது என்பதை அந்தப் பெரியவர் மறுக்கவில்லை. அவர் வாங்கிய இரும்பை நாங்கள் கேட்கவில்லை. எந்த இரும்புக்கு அந்த எண் உரியது என்பது மட்டுமே கேள்வி. அதற்கு விடை சொல்லும் கடமையைச் சட்டம் பதிவு அதிகாரியிடமே ஒப்படைத்திருக்கிறது. 55-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவு, முக்கிய விவரத்தில் பொய்யான ஆவணத்தின் அடிப்படையில் பதிவு பெறப்பட்டிருந்தாலும், வண்டியில் பொறித்துள்ள என்ஜின் எண்ணோ சேசிஸ் எண்ணோ பதிவுச் சான்றில் உள்ளதிலிருந்து வேறுபட்டாலும், உரிமையாளருக்கு விளக்கம் தர வாய்ப்பளித்த பின் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்கிறது. இறந்தவரின் கையெழுத்தைவிட முக்கியமான பொய் விவரம் எது இருக்க முடியும்? ரத்து செய்ய மறுப்பதானால் காரணங்களோடு உத்தரவு பிறப்பிக்க வேண்டும். அப்படி ஓர் உத்தரவு இருந்தால் 57-ஆம் பிரிவின் கீழ் முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய எங்களுக்கு உரிமை உண்டு. எங்களுக்கு வந்திருப்பது உத்தரவு அல்ல, கடிதம். அதை எதிர்த்து மேல்முறையீடும் செய்ய முடியாது, அதை வைத்துக்கொண்டு வேறெங்கும் போகவும் முடியாது.

காவல் நிலையத்தில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். பிறகு, போக்குவரத்து அலுவலகமே பதிவு சரி என்று எழுதிக் கொடுத்திருக்கும்போது நாங்கள் எப்படி வழக்குப் பதிய முடியும் என்று கேட்டார்கள். ஏமாற்றுதல், பொய் ஆவணம் புனைதல், அதை உண்மையானதுபோல் பயன்படுத்துதல் ஆகிய மூன்றும் பாரதிய நியாய சன்ஹிதாவில் குற்றங்கள். ஆனால் அந்தக் காவல் அதிகாரியின் கேள்வியிலும் நியாயம் இருந்ததை நான் மறுக்க மாட்டேன். தங்கள் அலுவலகம் எழுதிய மூன்று வாக்கியங்கள் அவர்களுடைய கையையும் கட்டிவிட்டன.

நாள்தோறும் நாங்கள் அஞ்சுவது ஒன்று உண்டு. அந்தக் கார் நாளை பள்ளிகொண்டா சுங்கச்சாவடி அருகே யாரையாவது மோதிவிட்டால், அதன் எண்ணைத் தொடர்ந்து வருபவர்கள் எங்கள் வாசலுக்கும் வருவார்கள். காகிதத்தில் அது எண்பது வயதைக் கடந்த என் தாயாரின் கார். காப்பீட்டு நிறுவனம் எந்தக் காருக்குப் பொறுப்பேற்கும்? அடிபட்டவரின் குடும்பம் இழப்பீட்டுக்காக யாரைக் கேட்கும்? எங்கள் அசல் காரை நாங்கள் சாலைக்கு எடுத்தால், போலி எண் வைத்திருப்பவர்கள் என்று எங்களையே நிறுத்துவார்கள். கணினியில் இருப்பது அந்தக் கார்தானே. என் தந்தை அந்தக் காரில்தான் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு இரவு நேரத்தில் பிரசவம் பார்க்கப் போனார். அவருடைய பெயரில் பொய்க் கையெழுத்து ஒன்று அரசு ஆவணத்தில் நிலைத்து நிற்பதை என் தாயாரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எனக்கும் அது இயலவில்லை.

ஆகவே தங்களிடம் நான் கேட்பவை இவை.

எங்கள் புகாரைப் பொறுத்தவரை, இரண்டு கார்களையும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வரவழைத்து, தடய அறிவியல் வல்லுநர் முன்னிலையில் சோதிக்க உத்தரவிடுங்கள். பஞ்ச் அடிக்கும்போது எண்ணுக்குக் கீழுள்ள உலோகம் அழுந்துகிறது; மேலே இழைத்துவிட்டாலும் அந்த அழுத்தம் அடியில் தங்கிவிடுகிறது. குப்ரிக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவினால் அழித்த எண் பல நேரங்களில் மீண்டும் தெரியும். தகட்டையே வெட்டி ஒட்டியிருந்தால் பின்பக்க வெல்டிங் காட்டிக்கொடுக்கும். வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் வேலூரிலேயே இருக்கிறது; இதற்காக யாரும் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. சோதனையின் முடிவைக் காரணங்களோடு கூடிய உத்தரவாகத் தாருங்கள். அதுவரை அந்தப் பதிவெண்ணின் மீது பெயர் மாற்றமோ தடையில்லாச் சான்றோ புதுப்பித்தலோ நடக்காதபடி வாகன் தரவுத்தளத்தில் அதை முடக்கி வையுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பெரியவருக்குப் பிறகு இன்னொருவரும் ஏமாறுவார். 2022-ல் அந்தப் பேக்லாக் பதிவை யாருடைய பயனர் கணக்கில் இருந்து, எந்த ஆவணத்தைப் பார்த்து ஏற்றினார்கள், யார் ஒப்புதல் தந்தார்கள் என்பதை விசாரித்து, அந்த விவரத்தைக் காவல்துறைக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

1989 ஜூலைக்கு முன் பதிவான எந்த வண்டிக்கும், மூலப் பதிவேட்டுப் பக்கத்தின் படம் இணைக்கப்படாமல் பேக்லாக் பதிவு ஏற்றக் கூடாது என்று மாநிலம் முழுவதற்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். பக்கம் கிடைக்காவிட்டால், பதிவில் உள்ள கடைசி முகவரிக்கு அறிவிப்பு அனுப்பி, செய்தித்தாளிலும் விளம்பரம் செய்து, மறுப்பு வருகிறதா என்று பார்த்த பிறகே ஏற்ற வேண்டும். நிலப் பத்திரம் தொலைந்தால் செய்தித்தாளில் விளம்பரம் கேட்கிறோம். சில லட்சம் பெறும் வாகனத்துக்கும் அதைக் கேட்கலாம்.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளின் புதுப்பித்தலுக்கும் பெயர் மாற்றத்துக்கும் பென்சில் பிரிண்ட் மட்டும் போதாது என்று அறிவியுங்கள். எண்ணின் படம், எண் இருக்கும் தகட்டின் முன்பின் பக்கங்களின் படம், என்ஜின் எண் மேடையின் படம் ஆகியவற்றை மோட்டார் வாகன ஆய்வாளரே எடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும். எந்த மாதிரியில் எண் எங்கே, எந்த வடிவில் இருக்கும் என்பதைக் கற்பிக்க, அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஜீப், புல்லட், ஜாவா போன்ற அதிகம் புழங்கும் வண்டிகளுக்காவது ஒரு கையேடு தயாரியுங்கள். இவற்றில் ஹெரால்டும் புல்லட்டும் சென்னையிலேயே தயாரானவை. அந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களின் அறிவை இப்போதே கேட்டுப் பெறாவிட்டால் பிறகு கிடைக்காது. விண்டேஜ் பதிவுக்காக வாகனங்களைச் சோதிப்பவர்கள் யார் யார் என்பதைப் பொதுவில் வெளியிடுங்கள். அவர்களில் தடய அறிவியல் துறையைச் சேர்ந்தவர் ஒருவரும், பழைய வண்டிகளில் கைதேர்ந்த மெக்கானிக் ஒருவரும் இருக்க வேண்டும்.

வட ஆற்காட்டின் பழைய பதிவேடுகள் எந்தெந்த அலுவலகங்களில், எந்த நிலையில் இருக்கின்றன என்று ஒரு கணக்கெடுப்பு நடத்துங்கள். பழுதடைந்தவற்றைச் செப்பனிட்டு மின்படியாக்க, எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் உதவியைக் கேளுங்கள். நைந்த காகிதங்களைக் காப்பாற்றும் பயிற்சி பெற்றவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒரு பதிவெண்ணைச் சொன்னால் அதற்குரிய பக்கம் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் அட்டவணையாவது இந்த ஆண்டுக்குள் வர வேண்டும்.

இறுதியாக, போலி எண் கொண்ட வண்டியை நல்லெண்ணத்தோடு வாங்கியவர்களுக்கு ஒரு வழி செய்யுங்கள். திருட்டு வண்டி என்றால் அதை அதன் உரிமையாளரிடம் ஒப்படைத்தே ஆக வேண்டும். ஆனால் கொங்குப் பகுதிப் பெரியவரிடம் இருப்பது, யாரும் திருட்டுப் புகார் கொடுக்காத ஒரு பத்மினியாக இருக்கவும் கூடும். பிரிட்டனில், எப்போது தயாரானது, உண்மையில் எந்த வண்டி என்பதை உறுதிப்படுத்த முடியாத வாகனத்துக்குக் ‘கியூ’ என்ற எழுத்தில் தொடங்கும் தனிப் பதிவெண் தருகிறார்கள். வாங்க வருபவர் எண்ணைப் பார்த்ததுமே நிலைமையைத் தெரிந்துகொள்வார். அதுபோல இங்கும், போலி எண்ணை நீக்கி, புதிய எண் பொறித்து, அடையாளம் மாற்றப்பட்ட வண்டி என்ற குறிப்போடு பதிவு தர விதி செய்யுமாறு மத்திய அமைச்சகத்துக்குப் பரிந்துரையுங்கள். அப்படி ஒரு வழி இருந்தால், ஏமாந்தவர்கள் வண்டியை மறைத்து வைக்காமல் முன்வந்து புகார் கொடுப்பார்கள். போலி எண் அடித்தவர்களைப் பிடிக்க அவர்களுடைய சாட்சியமே தங்களுக்கு வேண்டியிருக்கும். எங்கள் வழக்கில் சாட்சி சொல்லத் தயார் என்று அந்தப் பெரியவர் எழுதிக் கொடுத்த கடிதத்தைத் தங்களுக்கு அனுப்பிய மனுவோடு இணைத்திருக்கிறேன். அவரையும் என் தாயாரையும் ஒரே நாளில் நேரில் அழைத்து விசாரிக்க ஒரு தேதி குறித்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
வாகனத்தின் பதிவு உரிமையாளருக்காக, அவருடைய மகன்,
சத்துவாச்சாரி, வேலூர்.